சித்திரையில் குளிர் காய்ந்த ராஜா

அத்தியாயம் 7

திங்கட்கிழமை கடலூரில் அப்பீல். இன்றைக்கு வியாழன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ் விக்கிரவாண்டியில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“சார், மூணு வாரமா நாயா அலையுறோம். நம்ம கையிலே இருக்கிற சாட்சியம் பூஜ்யம்,” என்றான் பச்சைமுத்து, வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்தபடி. “பூஜ்யத்துக்கு முன்னாலே ஒரு ஒண்ணு போட்டா பத்தாயிடும். அந்த ஒண்ணு எந்தக் கடையிலே விக்குதுன்னுதான் தெரியலே.”

துப்பறியும் தாண்டவராயன் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் விழுப்புரம் ஜங்ஷனில் பதினெட்டு வருஷம் பார்சல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வழியில் தொலைந்த மூட்டைகளைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. மேலதிகாரியோடு ஒத்துவராமல் ராஜினாமாவை எழுதி நீட்டிவிட்டு, ஸ்டேஷன் ரோட்டில் ஒரு அறை எடுத்து போர்டு மாட்டினார். மூட்டை தேடுவதற்கும் ஆள் தேடுவதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் என்பார். மூட்டை பொய் சொல்லாது.

பச்சைமுத்துவோ நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி நொடித்துப் போனபோது விழுப்புரத்தில் இறங்கியவன், நாலு வருஷமாக தாண்டவராயனின் நிழல். சாவு வீட்டில்கூட அவனால் ஒரு தமாஷை அடக்கிக்கொண்டு உட்கார முடியாது.

கேஸை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

திண்டிவனத்துக்குத் தெற்கே, கூட்டேரிப்பட்டு போகும் வழியில் கிழக்கே ஒரு மண் ரோடு பிரிகிறது. அதன் கோடியில் கோட்டைமேடு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு லம்பேர் என்ற சீமை பிஷப் ஒருவர் அங்கே இரண்டு கோபுரமும் கல் மதிலுமாக ஒரு பெரிய மாளிகை கட்டினார். ஊர் அதை ‘பிஷப்பு கோட்டை’ என்றது. கல் சுமந்த கூலிக் குடும்பங்கள் மதிலோரமே குடிசை போட்டுத் தங்கின. அந்தக் குடிசைகள் இன்றைக்கு முப்பத்திரண்டு வீடுகள். நிலம் அவர்கள் பேரில் இல்லை. பிஷப்பு காலத்துக்குப் பிறகு கோட்டை ஒரு டிரஸ்ட்டின் கைக்குப் போனது. டிரஸ்ட்டுக்குப் புதிதாக வந்த மானேஜர் கிருஷ்ணசாமி, மதிலோர நிலத்தை எண்ணெய் மில்லுக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்து, குடிகளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்.

குடிகளுக்கு இருந்த ஒரே பிடிமானம் ஒரு வெள்ளிக் கிண்ணம். கோட்டைக்கு விருந்தாளியாக வந்த மகாராஜா ஒருவர் பிஷப்புக்குக் கொடுத்தது. ‘இந்தக் குடிகளை எழுப்பக்கூடாது’ என்று அதில் வெட்டியிருக்கிறது என்பது ஊரறிந்த கதை. கிண்ணம் இரும்புப் பட்டை போட்ட தேக்குப் பெட்டிக்குள் இருந்தது. இன்னொரு ராஜா வந்தால்தான் பெட்டியைத் திறக்கலாம் என்பது பிஷப்பின் கட்டளையாம். சாவி பரம்பரைக் காவல்காரன் சவுரிராயனிடம். ‘கிண்ணத்தைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்’ என்றது கோர்ட்டு. அந்த வாய்தாவுக்கு நாலு நாள் முன்னால் சவுரிராயன் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், “கிண்ணத்தை நான்தான் எடுத்தேன். உருக்கி வித்துட்டேன்” என்று சொல்லிவிட்டான். ரெண்டு வருஷம் கடுங்காவல்.

அவன் மனைவி லூர்துமேரி மட்டும் நம்பவில்லை. “எம்புருஷன் திருடலீங்க. யாரையோ காப்பாத்தறாரு” என்று தாண்டவராயனின் அறையில் வந்து நின்றவள் அவள்தான். அப்பீல் போட வைத்தவளும் அவளே. சவுரிராயனுக்கு ஜெயிலில் க்ஷயம் கண்டுவிட்டது. இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் பதினேழு நகைப் பத்தர்களைப் பார்த்தாயிற்று. ஒருவரும் அந்த வெள்ளியை வாங்கவில்லை.

“கிண்ணம் போன வழி தெரியலே,” என்றார் தாண்டவராயன் கடைசியாக. “அது இருந்த இடத்தைப் பார்ப்போம். அந்தப் புஸ்தகத்தை எடு.”

பச்சைமுத்து பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தான். ‘கோட்டை வரலாறும் ராஜ விஜயங்களும்’. 1931-ல் டிரஸ்ட்டே அச்சுப் போட்டது. எழுதியவர் விருத்தாசலம் வாத்தியார். பச்சைமுத்து மேடைக் குரலில் படித்தான்:

“‘1869-ஆம் வருஷம் சித்திரை மாதம் பத்தாந்தேதி, சூரியகிரி மகாராஜா அவர்கள் புகைவண்டி மார்க்கமாய்த் திண்டிவனம் வந்திறங்கி, நாலு குதிரை பூட்டிய சாரட்டில் கோட்டை வந்து சேர்ந்தார்கள். அன்று மாலை மகாராஜாவும் மேற்றிராணியாராகிய பிஷப்பு அவர்களும் கணப்பருகே அமர்ந்து, குளிர் காய்ந்தபடி வெகுநேரம் சம்பாஷித்தார்கள்.’ சார், சித்திரை மாசம் திண்டிவனத்துலே ஒருத்தர் குளிர் காஞ்சிருக்காரு! நம்ம ஊர்லே சித்திரையிலே அடுப்பே வேணாம், பாறை மேலே அப்பளம் சுடலாம். இன்னும் கேளுங்க. அப்புறமா ஒரு ராணி வந்து தங்கினாங்களாம். ஒரு இளவரசர் வந்து மான் வேட்டை ஆடினாராம். கோட்டைமேட்டுலே மான் ஏது? வெள்ளாட்டைத்தான் சுட்டிருப்பாரு.”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தாண்டவராயன் சிரிக்கவில்லை.

“என்ன வருஷம்னு சொன்னே?”

“1869.”

“திண்டிவனத்துக்குத் தண்டவாளம் வந்ததே அதுக்கு ஏழெட்டு வருஷம் கழிச்சுத்தான்யா.”

“அப்போ ராஜா வந்த ரயிலு?”

“அதான் நானும் யோசிக்கிறேன்,” என்று தாண்டவராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கிளம்பியது.

* * *

ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து கோட்டைமேட்டுக்குள் நுழைந்தபோது எதிரே லூர்துமேரி இடுப்பில் குடத்தோடு வந்தாள். வீதி நடுவிலேயே கிணறு இருக்க, அவள் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறாள்.

“கிணத்துலே தண்ணி வத்திடுச்சாக்கா?” என்றான் பச்சைமுத்து.

“கிணத்துலே தண்ணி இருக்குதுங்க. எனக்குத்தான் இல்லே,” என்றாள்.

கிணற்றடியில் நின்ற அஞ்சம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: “ராஜா குடுத்த கிண்ணம். நம்ம எல்லாரு தலைக்கும் கூரையா இருந்தது. அதைத் தின்னுட்டுப் போனான் பாரு. ஏதோ மாதா புண்ணியம், கேஸு நம்ம பக்கம் தீர்ந்துது. இல்லேன்னா இவளாலே இன்னிக்கு ரோட்டுலே நின்னுகினு இருப்போம்.”

லூர்துமேரி திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “திங்கக்கிழமைக்குள்ளே ஏதாச்சும் வழி கிடைக்குமாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“பார்க்கிறோம்மா,” என்றார் தாண்டவராயன்.

கோட்டைக்குள் மானேஜர் கிருஷ்ணசாமி அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். குடிகளுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பின் மேல் டிரஸ்ட்டும் மேல்கோர்ட்டுக்குப் போயிருந்தது. கிண்ணத்தைப் பற்றி யார் எதைத் தோண்டினாலும் அவருக்குக் காது நீளும்.

“பெட்டியைத் தாராளமாப் பாருங்க. கோர்ட்டுலேருந்து திரும்பி வந்துடுச்சு. எதாவது தென்பட்டா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பிஷப்பின் பழைய விருந்தாளி அறை அது. சிவப்பு வெல்வெட் தைத்த நாற்காலிகள் நாலு. வெல்வெட்டு மயிர் உதிர்ந்து, உட்காரும் இடம் வட்டமாகப் பளபளத்தது.

“நாற்காலிக்கும் மானேஜர் ஐயாவுக்கும் ஒரே மாதிரி வட்ட வழுக்கை,” என்று பச்சைமுத்து தாண்டவராயனின் காதோடு சொன்னான். அவர் அவன் காலை மிதித்தார்.

பெட்டி மேஜைமேல் இருந்தது. உள்ளே அதே சிவப்பு வெல்வெட். தாண்டவராயன் குனிந்து பார்த்தார். தொடவில்லை. பிறகு நிமிர்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருகிற வரை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெட்டி எந்தக் காலத்ததுங்க?”

“கோட்டை கட்டினப்பவே செஞ்சது. உள்ளே தைச்சதும் அப்பத்தது. நாற்காலிக்குத் தைச்ச அதே தான். கணக்கப்பிள்ளை புஸ்தகத்துலே இருக்கு.”

“கிண்ணம் எவ்வளவு எடை?”

“ஒன்றரை வீசைன்னு அந்த வரலாற்றுப் புஸ்தகத்துலே எழுதியிருக்கு. ஏங்க?”

“சும்மா கேட்டேன்.” தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை மேஜைமேல் வைத்தார். “ஒண்ணும் தென்படலீங்க. வர்றோம்.”

மதிலைத் தாண்டிப் பனைமரத்தடி வரைக்கும் தாண்டவராயன் விறுவிறுவென்று நடந்தார். அங்கே நின்றார்.

“நாற்காலி வெல்வெட்டைப் பார்த்தியா?”

“பார்த்தேனே. வழுக்கை.”

“பெட்டிக்குள்ளே?”

பச்சைமுத்து யோசித்தான். “பூனைக்குட்டி முதுகு மாதிரி புசுபுசுன்னு…” பாதியில் நின்றுவிட்டான்.

“ஒன்றரை வீசை, ரெண்டு கிலோ கனம் உள்ள கிண்ணம் தொண்ணூறு வருஷம் உட்கார்ந்திருந்தா, அடியிலே ஒரு வட்டம் விழுந்திருக்கணும். ஒரு மயிர்கூட மடங்கலே பச்சைமுத்து. போலீஸ்காரன் பெட்டிக்குள்ளே கிண்ணம் இருக்கான்னு பார்த்தான். இருந்த தடம் இருக்கான்னு பார்க்கலே.”

“அப்படின்னா?”

“ரயில் வரலே. ராஜா வரலே. கிண்ணமும் வரலே. அந்தப் பெட்டி என்னிக்குமே காலிப்பெட்டி. இல்லாத பொருளை எவனாலேயும் திருட முடியாது.”

பச்சைமுத்துவுக்கு நிற்க முடியவில்லை. மேல்துண்டைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினான். “சார்! அந்த ஒண்ணு கிடைச்சிடுச்சு சார்! பத்தாயிடுச்சு!” தாண்டவராயன் கூப்பிடக் கூப்பிட, ஓட்டமாக வீதிக்குள் போய் லூர்துமேரியின் வீட்டு வாசலில் நின்றான்.

“அக்கா, உம்புருஷன் திருடலே. நிஜமா திருடலே. சனிக்கிழமை வந்து விவரம் சொல்றேன். திங்கக்கிழமை மனுஷன் வீட்டுக்கு வர்றாரு. கேப்பைக் கூழு காய்ச்சி வையுங்க.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாசமாக ஊர் எதிரில் அழாதவள், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

* * *

விருத்தாசலம் வாத்தியார் திண்டிவனம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். எழுபது வயது. இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது. தாண்டவராயன் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, முதலில் சிரித்தார்.

“முப்பது வருஷமா அந்தப் புஸ்தகத்தை வாங்கினவனுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவன் வாங்கலே. நீங்கதான் முதல்லே படிச்சிருக்கீங்க.”

“அந்தக் கணப்பு எங்கேருந்து வந்துச்சுங்க வாத்தியாரே?” என்றான் பச்சைமுத்து.

“கோட்டை அலமாரியிலே ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் கிடந்தது. சீமையிலே எங்கேயோ ஒரு பிஷப்பு கோட்டை. அங்கே எந்த ராஜா வந்தான், எந்த ராணி தங்கினா, எந்த இளவரசன் மான் வேட்டைக்குப் போனான்னு நூறு பக்கம். அதைப் பார்த்து எழுதினேன். ராஜா பேரை மாத்தினேன். மாசத்தை மாத்தினேன். நெருப்பை அணைக்க மறந்துட்டேன்.”

“ஏன் எழுதினீங்க?” என்றார் தாண்டவராயன்.

“முப்பத்தொண்ணுலேயும் டிரஸ்ட்டு இதே மாதிரி காலி பண்ணச் சொல்லிச்சு. லம்பேர் பிஷப்பு கல் சுமந்தவங்களைக் கூப்பிட்டு, ‘நீங்க கட்டின நிழல்லே நீங்களே இருங்க’ன்னு சொன்னது நிஜம். கல் சுமந்த எங்க பாட்டன் காதாலே கேட்டது. ஆனா கடுதாசி இல்லே. பிஷப்பு வாயாலே சொன்னதை எந்தக் கோர்ட்டும் கேக்காது. ராஜா வெள்ளியிலே வெட்டிக் குடுத்தான்னு எழுதினேன். எல்லாரும் கேட்டாங்க. டிரஸ்ட்டுக்காரங்களுக்கே ஆசை வந்துடுச்சு. ராஜா வந்த கோட்டைன்னா பெருமைதானே? அவங்களே அச்சுப் போட்டாங்க. காலிப்பெட்டியைப் பூட்டி, சாவியைச் சவுரிராயன் அப்பன் கையிலே குடுத்தது நானும் அப்ப இருந்த சர்ச்சு சாமியாரும். சாமியார் செத்துட்டாரு.”

தாண்டவராயன் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். “இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை சவுரிராயன் வெளியே வந்துடுவார்.”

வாத்தியார் கையை நீட்டவில்லை.

“தம்பி, நீங்க புத்திசாலி. பெட்டியிலே கிண்ணம் இல்லேன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. அவன் ஏன் போலீசுக்குப் போனான்னு கண்டுபிடிச்சீங்களா?”

வெளியே ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாகக் கடந்து போனது. அது போய் முடியும் வரை தாண்டவராயன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பச்சைமுத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நீட்டிய காகிதத்தைத் தாண்டவராயன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வாய்தாவிலே பெட்டியைத் திறந்திருந்தா…” என்றார் மெதுவாக.

“காலிப்பெட்டி. மொத்தக் கதையும் பொய்யினு ஆயிருக்கும். முப்பத்திரண்டு வீடும் அன்னிக்கே போயிருக்கும். அவன் என்ன பண்ணான்? நாலு நாள் முன்னாடி போய், திருடிட்டேன்னான். திருட்டுப் போன பொருள்னா அது இருந்த பொருள்தானே தம்பி? சர்க்கார் கேஸு போட்டு, மாஜிஸ்திரேட் தண்டனை குடுத்து, கிண்ணம் இருந்துதுன்னு முத்திரை குத்திட்டாங்க. அதை வெச்சுத்தான் சிவில் கோர்ட்டு நம்ம ஜனங்க பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு. நீங்க அவனை நிரபராதின்னு நிரூபிச்ச நிமிஷம், கிருஷ்ணசாமி மேல்கோர்ட்டிலே ஜெயிச்சிடுவான். உங்க காகிதத்தை வெச்சே ஜெயிச்சிடுவான்.”

பச்சைமுத்து தாண்டவராயனின் கையைப் பிடித்தான்: “சார், அவரு திருடலேன்னு நான் அந்த அக்காகிட்டே சொல்லிட்டேனே.”

* * *

வெள்ளிக்கிழமை காலை கடலூர் ஜெயில். கம்பிக்கு அந்தப் பக்கம் சவுரிராயன் வந்து நின்றபோது பச்சைமுத்துவுக்கு அவனை அடையாளம் தெரிய நேரமாயிற்று. சட்டைக்குள் ஆள் இருக்கிற மாதிரியே இல்லை.

தாண்டவராயன் சுற்றி வளைக்கவில்லை. “வெல்வெட்டைப் பார்த்தேன். வாத்தியாரையும் பார்த்தேன்.”

சவுரிராயன் பயத்தோடு வார்டரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தூரத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

“யார்கிட்டே சொன்னீங்க?”

“காலிப்பெட்டின்னு யார்கிட்டேயும் சொல்லலே.”

“சொல்லாதீங்கய்யா. கெஞ்சிக் கேக்கறேன்.”

“இங்கேயே செத்துடுவீங்க சவுரிராயன்.”

“தெரியுங்க.”

“உங்களைத் திருடன்னு சொல்றாங்க. உங்க சம்சாரத்தைக் கிணத்துலே தண்ணி எடுக்க விட மாட்டேங்கறாங்க. நீங்க யாரைக் காப்பாத்தினீங்களோ, அவங்கதான்.”

இருமல் வந்தது. அது அடங்கும்வரை அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். “அவங்களுக்குத் தெரிஞ்சா, எவனாவது ஒருத்தன் சாராயக் கடையிலே உளறிடுவான். திட்டிக்கினே இருக்கட்டும். வீட்டுக்குள்ளே உக்காந்து திட்டுறாங்க இல்லே? அது போதும்.”

“லூர்துமேரிக்காவது முழு உண்மையைச் சொல்லலாம்ணே,” என்றான் பச்சைமுத்து.

“அவளுக்கு மட்டும் கூடவே கூடாது. நான் சாகறேன்னு தெரிஞ்சும் அவ வாயை மூடிக்கினு இருப்பான்னு நெனைக்கறீங்களா? கோர்ட்டு வாசல்லே போய்க் கத்துவா. என்னை மீட்டுட்டு முப்பத்திரண்டு குடும்பத்தை ரோட்டுலே விட்டுடுவா. ஒங்களாலே முடியலேன்னு சொன்னாலும் உடமாட்டா. மானேஜர் முன்னாடியே போய், பொட்டியைத் தொறடான்னு நிப்பா. அவன் ஒரு தடவை உத்துப் பார்த்தா முடிஞ்சுது.” மூச்சு வாங்கினான். “நான்தான் எடுத்தேன்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவா. திருடன்னு நம்பிட்டா என்னை உட்டுடுவா.”

தாண்டவராயன் பதினைந்து நிமிஷம் வாதாடினார். சட்டத்தைச் சொன்னார். வேறு வக்கீல் வைத்து நிலத்துக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். சவுரிராயன் எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டான். “வேற வழி இருந்தா சொல்லுங்கய்யா” என்றான். சொல்ல வழி எதுவும் இல்லை. தாண்டவராயனுக்கே அது தெரியும்.

* * *

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் கோட்டைமேட்டுக்குப் போனபோது லூர்துமேரி தலை குளித்து, வாசல் தெளித்து, காத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கூழ் கொதித்தது. பச்சைமுத்துவின் பேச்சு எப்படியோ வெளியே போயிருக்க வேண்டும். அஞ்சம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் எதிர்வீட்டு நிழலில் நின்றிருந்தார்கள்.

தாண்டவராயன் வாய் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் மூட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தே பழகியவர். கையில் இருப்பதை இல்லை என்று சொன்னதே கிடையாது.

பச்சைமுத்துதான் முன்னால் போனான்.

“அக்கா, நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“நேத்து கடலூர் போனோம். அவரே எங்ககிட்டே ஒத்துக்கினாரு. அவருதான் எடுத்திருக்காரு.”

“அடிச்சுச் சொல்ல வெச்சாங்களா?”

“இல்லேக்கா. சிரிச்ச முகமாத்தான் சொன்னாரு.”

“வித்த வெள்ளி எங்கே? நானும் எத்தினி பத்தரைப் பார்த்தேன்! ஒருத்தர்கூட வாங்கலேன்னாங்களே.”

“பாண்டிச்சேரியிலே ஒருத்தரு. கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. நாங்க கேட்டு வந்துட்டோம்.”

அவள் தாண்டவராயனிடம் திரும்பினாள். “ஐயா, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.”

தாண்டவராயன் தலையை மேலும் கீழும் ஒரே ஒரு முறை அசைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

“சொன்னோமா இல்லியா?” என்றாள் எதிர்வீட்டு நிழலிலிருந்து அஞ்சம்மாள். “எட்டு மாசமா எங்களையில்ல பொய்யி ஆக்கிக்கினு இருந்தா!”

பச்சைமுத்து சரேலென்று திரும்பினான். அவள் தலைக்கு மேல் இருந்த கூரையைப் பார்த்தான். அடுத்த கூரையையும், அதற்கு அடுத்ததையும் பார்த்தான். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தாண்டவராயன் அவன் முழங்கையைப் பிடித்து இறுக்கினார். பச்சைமுத்து விழுங்கிக்கொண்டான்.

லூர்துமேரி உள்ளே போனாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு சின்ன மூட்டை. துவைத்து மடித்த வேட்டியும் சட்டையும் இருந்தன. திங்கட்கிழமை விடுதலையாகி வரும்போது போட்டுக்கொள்ள எடுத்து வைத்தது.

“கடலூர் போனா குடுத்துடுங்க. நான் இனிமே வரமாட்டேன்னு சொல்லிடுங்க.”

கதவைச் சாத்தினாள்.

பஸ் வருகிற ரோடு வரைக்கும் இரண்டு மைல். இருவரும் வெயிலில் நடந்தார்கள். பாதி வழியில் தாண்டவராயன், “உன்னாலே எப்படிய்யா சொல்ல முடிஞ்சுது?” என்று கேட்டார். பச்சைமுத்து மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தான்.

* * *

திங்கட்கிழமை செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் மூன்று நிமிஷத்தில் தள்ளுபடியாயிற்று. புதிய சாட்சியம் உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். சவுரிராயனின் வக்கீல் திரும்பித் தாண்டவராயனைப் பார்த்தார். தாண்டவராயன் இல்லை என்று கையசைத்தார். அவ்வளவுதான்.

ஜெயிலுக்குள் போகத் தாண்டவராயனுக்கு மனம் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். பச்சைமுத்து மட்டும் போனான். வார்டர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கம்பி வழியாக உள்ளே கொடுத்தார்.

சவுரிராயன் சட்டையைத் தடவிப் பார்த்தான். கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டோம்ணே.”

“நம்பிட்டாளா?”

“அப்படித்தாண்ணே தெரியுது. இனிமே வரமாட்டேன்னாங்க.”

சவுரிராயன் சட்டைக் கழுத்தை நீவிவிட்டான்.

“சொன்னப்போ அழுதாளா?”

பச்சைமுத்து யோசித்துப் பார்த்தான். “இல்லேண்ணே. ஒரு சொட்டுகூட அழலே.”

“அழலேன்னா நம்பிட்டான்னுதான் அர்த்தம்,” என்றான் சவுரிராயன். சட்டையை மடிப்புக் கலையாமல் மறுபடி வேட்டிக்குள் வைத்துக் கட்டினான். கட்டி முடித்ததும், மூட்டையைக் கம்பி இடுக்கு வழியாகத் திருப்பி நீட்டினான். “இது எனக்கு வேணாம் தம்பி. உங்களுக்குச் சரியா இருக்கும். நீங்களே போட்டுக்குங்க.”